ஐந்து மாத உறக்கத்துக்கு ஒரு டேங்க் பெட்ரோல்

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், சுமார் 350 மீட்டர் ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கிடந்த கடல் வற்றியபோது விட்டுப்போன உப்பு அது. மேலே கார் செய்கிற ஊர். கீழே காரைத் தின்கிற உப்பு.

பனி விழத் தொடங்கியதும் அந்த வட்டாரத்துச் சாலைகளில் கல்லுப்பைத் தூவிக்கொண்டே போகும் லாரிகளைப் பார்க்கலாம். உப்பு கலந்த நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது என்பதால் சாலை வழுக்காது. ஆனால் அந்த உப்புச் சேறு வண்டியின் அடியில் தெறித்து ஒட்டிக்கொண்டு இரும்பை அரிக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் போடும் கோடைக்கால டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே மிச்சிகனில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நவம்பரில் அதைக் கராஜுக்குள் தள்ளிப் போர்வை போர்த்திவிட்டு, ஏப்ரலில்தான் வெளியே எடுக்கிறார்கள்.

நான் அங்கே குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1969ஆம் ஆண்டு கார்வெட் ஸ்டிங்ரே ஒன்று இருந்தது. மேனி ஃபைபர்கிளாஸ், எலும்பு இரும்பு, முன்னால் 5.7 லிட்டர் வி-8 எஞ்சின். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு நவம்பர் காலையில் பெட்ரோல் பங்க்குக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். பங்க்கில் டேங்க் மூடியைத் திறந்தவர், பம்ப்பைத் தொடுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். கோகம் சர்பத் போல் சிவந்த திரவம். அளந்து டேங்க்குக்குள் ஊற்றினார். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் போட்டார்.

“குளிர்காலத்துக்குக் காருக்கு மருந்தா?” என்று கேட்டேன்.

“காருக்கில்லை, பெட்ரோலுக்கு” என்றார். “கார் ஐந்து மாதம் சும்மா நிற்கும். பெட்ரோல் சும்மா நிற்காது.”

சும்மா நிற்காத பெட்ரோல் என்னதான் செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கலைந்துபோகும் கூட்டம்

தண்ணீர் ஒரே பொருள். பெட்ரோல் அப்படியில்லை, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கூடி நிற்கும் திருவிழாக் கூட்டம். அதில் துடிப்பான இளசுகளும் உண்டு, அசையவே யோசிக்கும் கிழடுகளும் உண்டு. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. ஐசோபென்டேன் 28 டிகிரியில் கொதிக்கும். கூட்டத்தின் கடைக்கோடியில் நிற்கும் கனமான மூலக்கூறுகளை ஆவியாக்க 200 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும்.

எஞ்சினுக்குள் எரிவது திரவ பெட்ரோல் இல்லை, பெட்ரோல் ஆவி. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பும்போது கனமான மூலக்கூறுகள் திரவமாகவே சுவரில் வழிந்து கிடக்கும். அப்போது பற்றிக்கொள்வது அந்தச் சில இளசுகள்தான். அதனால்தான் குளிர் நாடுகளில் பருவத்துக்கு ஏற்ப பெட்ரோலின் கலவையையே மாற்றுகிறார்கள். அமெரிக்காவில் கோடைக்கால பெட்ரோலின் ஆவியழுத்தம் பொதுவாக 9 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. புகைமூட்டத்தைக் குறைக்க வந்த விதி அது. செப்டம்பர் 15க்குப் பிறகு பங்க்குகளுக்கு அந்தக் கட்டுப்பாடு விலகும். சுத்திகரிப்பு ஆலைகள் பியூட்டேனைத் தாராளமாகக் கலக்க, கடுங்குளிர் மாதங்களில் ஆவியழுத்தம் 15 பிஎஸ்ஐ வரைகூடப் போகும்.

பெரியவர் நவம்பரில் நிரப்பியது இந்தக் குளிர்கால பெட்ரோல். ஏப்ரலில் முதல் முறை சாவியைத் திருப்பும்போது கை கொடுக்கப்போவது இதிலுள்ள பியூட்டேன்தான். ஆனால் முதலில் ஓடிப்போவதும் அதுதான். மூடி சரியாகப் பொருந்தாத டேங்க்கிலிருந்து இளசுகள் ஒவ்வொன்றாக நழுவிவிட்டால், ஐந்து மாதம் கழித்து மிஞ்சுவது கிழக்கூட்டம் மட்டும். பார்க்க பெட்ரோல் போலவே இருக்கும், பற்றாது.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி; அதாவது, அந்தக் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது ஆவி விடும். “வெளியே உறைபனி, பெட்ரோல் எங்கே ஆவியாகப்போகிறது?” என்று நினைப்பது ஆபத்து. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். சில வீடுகளில் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கொதிகலன் கராஜிலேயே இருக்கும். அதன் சின்னச் சுடர் ஒன்றே போதும்.

கோயில் வாசலில் ஒரு செருப்புத் திருட்டு

ஆவியாகிப் போவது ஒரு பக்கம். மிஞ்சி நிற்பது கெட்டுப்போவது இன்னொரு பக்கம். இதற்கு நம் சமையலறையிலேயே ஒரு முன்னோட்டம் இருக்கிறது. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் காறிப்போய்விடும். வாணலியின் விளிம்பில் பிசுபிசுவென்று ஒரு பழுப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும். எத்தனை தேய்த்தாலும் போகாது. எண்ணெயும் பெட்ரோலும் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டையும் கெடுக்கும் வேதிவினை அடிப்படையில் ஒன்றுதான்.

கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். வெளியே வந்த ஒருவருடைய செருப்பைக் காணோம். அவர் பொறுமை இழந்து பக்கத்தில் கிடக்கும் யாருடையதையோ மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். அந்தச் செருப்புக்கு உரியவர் வந்து பார்க்கிறார். அவரும் இன்னொருவருடையதை மாட்டிக்கொள்கிறார். ஒரே ஒரு செருப்பு தொலைந்ததில் தொடங்கி, வாசல் முழுக்கக் குளறுபடி.

பெட்ரோலில் செருப்பின் இடத்தில் இருப்பது ஹைட்ரஜன் அணு. எப்படியோ ஒரு மூலக்கூறு தன் ஹைட்ரஜனை இழக்கிறது. ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரானோடு அது தவிக்கிறது. வேதியியலில் இதைத் தனியுறுப்பு என்பார்கள். காற்றிலிருந்து கரைந்து வந்த ஆக்சிஜன் அதோடு ஒட்டிக்கொள்ள, இன்னும் மூர்க்கமான ஒன்று பிறக்கிறது. அது பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இப்போது தவிப்பது பக்கத்து மூலக்கூறு. சங்கிலி நீள்கிறது. வழியில் பிறக்கும் பெராக்சைடுகள் உடைந்தால் ஒரு திருடனுக்கு இரண்டு திருடர்களாகி, வினை சூடுபிடிக்கிறது. இப்படி மாட்டிக்கொண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நீண்டு, கனத்து, கடைசியில் பிசினாக அடியில் இறங்குகின்றன.

எல்லா மூலக்கூறுகளும் இதற்கு எளிதில் ஆளாவதில்லை. இரட்டைப் பிணைப்புள்ள ஒலிஃபீன்களில், அந்தப் பிணைப்புக்கு அருகிலுள்ள ஹைட்ரஜன்தான் சுலபமாகக் கழன்று வரும். கச்சா எண்ணெயை வெறுமனே காய்ச்சி வடித்தால் கிடைக்கும் பெட்ரோலில் ஒலிஃபீன் மிகக் குறைவு. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் ஓடத் தொடங்கியது. கார்கள் பெருகின, பெட்ரோல் போதவில்லை. அதே ஆண்டில், மிச்சிகன் ஏரியின் தென்கரையிலுள்ள வைட்டிங் என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலையில் வில்லியம் பர்ட்டன் என்ற வேதியியலர் கனமான எண்ணெயைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் உடைத்துப் பெட்ரோலாக்கும் முறையைத் தொழில் அளவில் நிறுவினார். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனால் உடைத்த மூலக்கூறுகள் இரட்டைப் பிணைப்புகளோடு வந்தன. அதாவது, காரைப் பெருக்கிய பெட்ரோலே பிசினையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இதற்கான மருந்தின் கதை பிரான்சில் தொடங்குகிறது. வாணலியில் எண்ணெய் தீய்ந்தால் கண்ணைக் கரிக்கும் புகை வருமே, அதில் இருப்பது அக்ரோலின். முதல் உலகப்போரில் அதை ஆயுதமாக்கப் பார்த்தார்கள். ஆனால் வைத்த இடத்திலேயே அது கெட்டியாகிப் பயனற்றுப்போனது. அதை ஆராய்ந்த சார்ல் மூரோ, சார்ல் துஃப்ரெய்ஸ் இருவரும், ஹைட்ரோகுவினோன் போன்ற பொருளைத் துளியளவு சேர்த்தாலே அக்ரோலின் நிலைத்து நிற்பதைக் கண்டார்கள். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்ற கருத்தை 1922இல் அவர்கள் முன்வைத்தார்கள். இன்று சிப்ஸ் பாக்கெட்டில் இருக்கும் தடுப்பானும் பெட்ரோலில் இருக்கும் தடுப்பானும் அந்தக் குடும்பத்து உறவினர்கள்தான்.

தடுப்பான் என்ன செய்கிறது? கோயில் வாசலுக்குத் திரும்பிப் போவோம். கூட்டத்தில் ஒரு புண்ணியவான் இருக்கிறார். செருப்பைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவரைப் பார்த்ததும் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாருடையதையும் தொடாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு நடக்கிறார். சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. ஃபீனால் வகைத் தடுப்பான்கள் இப்படித்தான் ஒரு ஹைட்ரஜனைத் தானம் செய்கின்றன. இழந்த பிறகும் அவை நிதானமாக இருக்கும், அடுத்தவரிடம் பிடுங்காது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, புண்ணியவான்கள் தீர்ந்துபோவார்கள். சுத்திகரிப்பு ஆலையே கொஞ்சம் தடுப்பானைக் கலந்துதான் அனுப்புகிறது. அது சில மாதங்களுக்குத் தாங்கும். பெரியவர் ஊற்றிய சிவப்புத் திரவம் அந்தக் கையிருப்பைக் கூட்டுகிறது. இரண்டு, வாசல் முழுக்கக் குளறுபடி ஆன பிறகு புண்ணியவான் வந்து பயனில்லை. கெட்ட பெட்ரோலில் தடுப்பானை ஊற்றுவது திரிந்த பாலில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது. அதனால்தான் புது பெட்ரோலோடு, அதுவும் பெட்ரோல் விழும் வேகத்தில் நன்றாகக் கலக்கட்டும் என்று முதலில் அதை ஊற்றினார்.

பெட்ரோல் எத்தனை நாள் தாங்கும் என்பதை அளக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு முரட்டுச் சோதனை உண்டு. மாதிரியை ஓர் உலோகக் கலத்தில் அடைத்து, வளிமண்டலத்தைப்போல் ஏழு மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனைச் செலுத்தி, 100 டிகிரிச் சூட்டில் வைப்பார்கள். புண்ணியவான்கள் இருக்கும்வரை அழுத்தம் அசையாது. அவர்கள் தீர்ந்ததும் பெட்ரோல் ஆக்சிஜனை மளமளவென்று உறிஞ்ச, முள் சரியும். அமெரிக்கத் தரவிதிப்படி குறைந்தது 240 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

குளிரும் இதில் நமக்குச் சாதகம். இத்தகைய வினைகளின் வேகம் 10 டிகிரி குறையும்போது தோராயமாகப் பாதியாகும். 25 டிகிரியிலிருந்து மைனஸ் 5க்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்கு. மிச்சிகன் கராஜில் குளிர்காலம் ஒரு குளிர்சாதனப் பெட்டி. சென்னையில் மொட்டை வெயிலில் ஐந்து மாதம் கேட்பாரற்று நிற்கும் வண்டியின் பெட்ரோல் படும் பாடு இதைவிடப் பெரிது.

தண்ணீர் மீது ஒரு சந்தேகம்

“டேங்க்கை நிரப்பி வை, இல்லாவிட்டால் காலியிடத்துக் காற்றிலுள்ள ஈரம் குளிரில் தண்ணீராக இறங்கிவிடும்.” கார் வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் அறிவுரை இது. நிரப்பி வை என்பது சரி. ஆனால் சொல்லும் காரணம் தேறுமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அந்தக் கார்வெட்டின் டேங்க் சுமார் 75 லிட்டர். கால்வாசி மட்டும் பெட்ரோல் விட்டால் 56 லிட்டர் காற்று உள்ளே இருக்கும். 20 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீர் இருக்கும். அப்படியானால் 56 லிட்டரில் ஒரு கிராம். கால் தேக்கரண்டிகூட இல்லை. சரி, டேங்க் தினமும் மூச்சு விடுமே? பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் உள்ளே இருக்கும் காற்று 3.5 சதவீதம் சுருங்கி விரியும். தினமும் இரண்டு லிட்டர் வெளிக்காற்று உள்ளே வரும். ஆனால் குளிர்காலக் காற்று வறண்டது. 5 டிகிரியில் ஒரு கனமீட்டரில் 7 கிராம் நீர்கூட நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு கிராமில் எழுபதில் ஒரு பங்கு. வரும் ஈரமெல்லாம் ஒரு துளி விடாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 150 நாளில் இரண்டு கிராம்.

அந்த இரண்டு கிராமை பெட்ரோல் தாங்குமா? இன்று அமெரிக்க பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தியாவில் அது 20 சதவீதமாகிவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மீது தீராத காதல். அது கலந்த பெட்ரோல், 15 டிகிரியில் தன் கொள்ளளவில் அரை சதவீதம் வரை தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்து வைத்துக்கொள்ளும். கால் டேங்க்கில் இருக்கும் 19 லிட்டருக்கு அது 95 மில்லி. இரண்டு கிராம் எந்த மூலைக்கு?

ஆனால் அந்த வரம்பைத் தாண்டினால் கதை வேறு. பெரியவர் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு கண்ணாடிச் சாடியில் எனக்கு அதைக் காட்டினார். அரைச் சாடி பெட்ரோலில் சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீரைச் சொட்டினார். குலுக்கினார்; தெளிவாகவே இருந்தது. இன்னும் சில சொட்டு, அப்போதும் தெளிவு. பிறகு சாடியை வெளியே பனியில் பாதி புதைத்துவிட்டு வந்தார். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கியிருந்தது. சிறிது நேரத்தில் கலங்கல் மெல்லத் தணிந்து, சாடியின் அடியில் ஒரு தனி அடுக்கு நின்றது. அவர் அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. கரைக்கும் திறனைக் குளிர் குறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அடியில் நின்றது தண்ணீர் மட்டும் இல்லை. எத்தனாலையும் கையோடு இழுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. இதில் இரட்டை நஷ்டம். அமெரிக்காவில் 87 ஆக்டேன் என்று விற்பது பெரும்பாலும் 84 ஆக்டேன் பெட்ரோலோடு எத்தனாலைக் கலந்து உயர்த்தியது. எத்தனால் இறங்கிவிட்டால் மேலே நிற்பது தரம் குறைந்த பெட்ரோல். அடியில் நிற்பதோ இரும்பை அரிக்கும் கலவை. பம்ப் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அந்த அடியில்தான்.

காற்றின் ஈரம் இதைச் செய்யாது என்றால் யார் செய்வார்கள்? திறந்த வழியாக நேரடியாக நுழையும் தண்ணீர். அந்தக் கால கார்வெட்டில் பெட்ரோல் மூடி பக்கவாட்டில் இல்லை. பின்கண்ணாடிக்குப் பின்னால், வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர்த் தொட்டி, அதிலிருந்து மழைநீர் வடிய ஒரு சின்னக் குழாய். இலைச்சருகு அந்தக் குழாயை அடைத்துக்கொண்டால் தொட்டியில் தண்ணீர் நிற்கும். மூடியின் வாஷர் பழசாக இருந்தால் டேங்க்குக்குள் இறங்கும். பெரியவர் ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்துவிட்டுத்தான் காரை உள்ளே விடுவார். சிவப்பு மருந்தைவிட முக்கியமான வேலை அது என்பேன்.

நிரப்பு, ஆனால் வழிய விடாதே

அப்படியானால் டேங்க்கை ஏன் நிரப்ப வேண்டும்? காற்றில் இருக்கும் தண்ணீருக்காக இல்லை, காற்றுக்காக. காலியிடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆக்சிஜன், அவ்வளவு மூச்சு, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் பியூட்டேன் வெளியேறும். நிறைந்த டேங்க் குறைவாக மூச்சு விடும்.

கழுத்து வரை நிரப்பினாலும் தொல்லைதான். ஒவ்வொரு டிகிரிக்கும் பெட்ரோல் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பனிநாளில் நிரப்பிய 75 லிட்டர், 30 டிகிரி சூடேறினால் இரண்டு லிட்டருக்கும் மேல் கூடும். அதற்கு இடம் வேண்டாமா? பம்ப்பின் முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்திவிட்டால் போதும்.

புதிய கார்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971 முதல் அமெரிக்கா முழுவதும் விற்கும் கார்களில் டேங்க் நேரடியாக வெளிக்காற்றில் மூச்சுவிட முடியாது. கரித்துண்டுகள் நிரம்பிய ஒரு பெட்டி வழியாகத்தான் விட வேண்டும். வெளியேறும் பெட்ரோல் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும். வழிய வழிய நிரப்பினால் திரவ பெட்ரோல் அந்தக் கரியை நனைத்துப் பாழாக்கிவிடும்.

நிரப்பிய கையோடு காரை நிறுத்திவிடவும் கூடாது. மருந்து கலந்த பெட்ரோல் டேங்க்கில் இருக்கிறதே தவிர, குழாயிலும் ஃபில்டரிலும் எஞ்சினின் வாசலிலும் இருப்பது பழைய பெட்ரோல். அதைத் தள்ளி வெளியேற்ற பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்ட வேண்டும். பங்க்கிலிருந்து பெரியவர் நேராக வீட்டுக்கு வராமல் ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றினார். அது உல்லாசப் பயணம் என்று அப்போது நினைத்தேன்.

கிண்ணமும் ஊசித்துளையும்

டேங்க்கில் இருக்கும் 75 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெடுவது கார்புரேட்டரின் பவுலில் நிற்கும் ஒரு டம்ளர் பெட்ரோல்தான். டேங்க்கிலிருந்து வந்த பெட்ரோல் எஞ்சினுக்குள் போவதற்கு முன் தங்கிச் செல்லும் சத்திரம் அது. மேலே வெளிக்காற்றுக்குத் திறந்த துளை. கீழே பித்தளை ஜெட்டுகள். பித்தளையில் இருப்பது செம்பு. செருப்புத் திருட்டைத் தூண்டிவிடுவதில் செம்பு பலே கில்லாடி. குறைந்த பெட்ரோல், நிறையக் காற்று, பக்கத்தில் செம்பு என மூன்றும் கூடும் இடம் காரிலேயே இது ஒன்றுதான். ஜெட்டின் துளை சுமார் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். ஐடிலிங் வழியின் துளை அதில் பாதிகூட இருக்காது. ஒரு மெல்லிய பிசின் படலம் போதும், பாதையே மாறிவிடும்.

இந்த பவுலைக் காலி செய்து வைப்பதா, நிரப்பி வைப்பதா என்பதில் பழைய கார்க்காரர்களுக்குள் ஓயாத வழக்கு. காலி செய்தால் பிசின் பிடிக்காது. ஆனால் உள்ளேயிருக்கும் ரப்பரும் கேஸ்கெட்டும் காய்ந்து சுருங்கி, ஏப்ரலில் கசியும். நிரப்பி வைத்தால் ரப்பர் நலமாக இருக்கும். ஆனால் பெட்ரோல் மெல்ல ஆவியாகும். பெரியவர் மருந்து கலந்த பெட்ரோலோடு பவுலை நிரப்பி வைக்கும் கட்சி.

இன்ஜெக்ஷன் கார்களில் இந்த வழக்கே கிடையாது. 1981தான் கார்புரேட்டர் வைத்த கார்வெட்டுகளின் கடைசி ஆண்டு. இன்றைய கார்வெட்டில் பெட்ரோல் நூறு வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. துளைகள் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் டேங்க்கிலிருந்து இன்ஜெக்டர் வரை முழுக்க மூடிய பாதை. காற்றுக்கு வழியில்லாததால் அத்தனை நுண்ணிய துளையும் பிழைத்துக்கொள்கிறது. இந்தக் கார்களைக் காலி டேங்க்கோடு நிறுத்தவோ, பெட்ரோல் தீரும்வரை ஓட்டவோ கூடாது. டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப்பைக் குளிர்விப்பதும் மசகிடுவதும் அந்த பெட்ரோல்தான்.

பாசத்தில் செய்யும் தவறு

ஜனவரியில் ஒரு நாள், காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட்டால் நல்லதுதானே என்று பெரியவரிடம் கேட்டேன். தூங்குகிற குழந்தையை எழுப்பிச் சோறு ஊட்டச் சொல்கிறாயா என்பதுபோல் பார்த்தார்.

அவர் பார்வையில் நியாயம் இருந்தது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒன்றேகால் கிலோ தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். சூடான எஞ்சினில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் சூடாகாத எஞ்சினில் அதில் ஒரு பகுதி சைலன்ஸருக்குள்ளும் எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கும். ஐந்து மாதத்தில் காற்றிலிருந்து வரும் இரண்டு கிராம் ஈரத்துக்குப் பயந்தவர்கள், ஒரே காலையில் அரை லிட்டர் தண்ணீரைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். குளிர் எஞ்சினுக்கு அதிகமாகப் பாயும் பெட்ரோலும் எரியாமல் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நிறுத்தினால் நிறுத்தியதுதான். எழுப்பினால், எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்ட வேண்டும், சாலையிலோ உப்பு.

ஏப்ரல்

பனி உருகி, மழை பெய்து, சாலையிலிருந்த உப்பெல்லாம் கழுவிப்போன ஒரு சனிக்கிழமை பெரியவர் போர்வையை விலக்கினார். முதலில் சாவியைத் தொடவில்லை. காருக்கு அடியில் டார்ச் அடித்து ஈரம் பார்த்தார். பெட்ரோல் குழாய்களை விரலால் அழுத்தி விரிசல் பார்த்தார். எத்தனாலில் ஊறிப் பழகாத பழைய ரப்பர்க் குழாய்கள் குளிர்காலம் முடியும்போதுதான் கசியத் தொடங்கும். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். கெட்ட பெட்ரோல் புளித்த வார்னிஷ் வாடை அடிக்கும். இது பெட்ரோலாகவே மணத்தது. சாவியைத் திருப்ப, எஞ்சின் சில வினாடி வெறுமனே சுற்றியது. பவுலில் பாதி வற்றியிருந்ததை பம்ப் நிரப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை பற்றிக்கொண்டது.

நானும் உற்சாகமாக என் வீட்டுக்குப் போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே இழுத்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பெரியவர் வந்தார். ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, அதன் கார்புரேட்டர் பவுலை என் உள்ளங்கையில் வைத்தார். அக்டோபரில் நான் அப்படியே விட்டுவிட்ட பெட்ரோல் அதில் இல்லை. அதன் இடத்தில், இரவெல்லாம் கழுவாமல் போட்ட டிகாக்ஷன் பாத்திரத்தின் அடிபோல், பளபளவென்று ஒரு பழுப்புப் படலம். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. நடுவில் இருந்த ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், மறுபக்கம் தெரியவில்லை.

அதே பங்க்கின் பெட்ரோல், அதே குளிர்காலம், பக்கத்துப் பக்கத்துக் கராஜ். பெரியவர் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து ஜெட்டைக் குத்திக்கொண்டே, குளிர்காலம் முழுக்க நான் எழுதிக்கொண்டிருந்த குறிப்புகள் எதைப் பற்றியவை என்று விசாரித்தார். பெட்ரோல் எப்படிக் கெடுகிறது என்பதைப் பற்றி என்று சொல்லியாக வேண்டியிருந்தது.